எகிப்திய வரலாற்று நாவல்: சான்று முடியும் இடமும் கற்பனை தொடங்கும் இடமும்

பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவலைக் கையில் எடுப்பவர், முதல் அத்தியாயத்துக்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது கதை எந்த எகிப்தில் நடக்கிறது என்பதைத்தான். பாரோக்களின் காலம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் நீண்ட வரலாறு. கீசாவில் கூஃபு மன்னனின் பெரிய பிரமிடு கி.மு. 2560-ஐ ஒட்டி எழுந்தது. அதற்கு ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவன் இரண்டாம் ராம்செஸின் மகனான இளவரசன் கெம்வாசெத். மெம்பிஸ் நகரத்தை அடுத்துச் சிதைந்துகிடந்த முன்னோர்களின் பிரமிடுகளை அவன் செப்பனிட்டு, அவற்றுக்கு உரிய மன்னர்களின் பெயர்களை மீண்டும் பொறித்துவைத்தான். அவனுக்கே அவை தொல்பொருள்களாக இருந்தன. அவன் மறைந்து சுமார் 1,000 ஆண்டுகள் கழிந்து, கிரேக்க வழிவந்த தாலமி மன்னர்கள் ஆண்ட காலத்தில், அந்த இளவரசனையே நாயகனாக வைத்து, மந்திர நூலொன்றைத் தேடிப் பழைய கல்லறைக்குள் இறங்கும் கதைகளை எகிப்தியர்கள் எழுதினார்கள். வரலாற்றுப் புனைவு எகிப்துக்கு வெளியிலிருந்து வந்த வழக்கம் அல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இத்தகைய நாவல்களை வாசிக்கத் தொடங்குபவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சான்று எங்கே முடிகிறது, ஆசிரியரின் கற்பனை எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ளப் பழக வேண்டும். அந்த எல்லை தெரிந்த வாசகருக்கு நாவலின் சுவை குறைவதில்லை. எழுத்தாளர் எவ்வளவு சிறிய ஆதாரத்தின் மேல் எவ்வளவு பெரிய உலகத்தை எழுப்பியிருக்கிறார் என்பது அந்த வாசகருக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

முதலில் காலத்தைப் பார்ப்போம். ஆய்வாளர்கள் இந்த நீண்ட வரலாற்றைப் பழைய இராச்சியம் (ஏறத்தாழ கி.மு. 2686–2181), மத்திய இராச்சியம் (2055–1650), புதிய இராச்சியம் (1550–1070) என்று பிரித்து, இவற்றுக்கு இடையே நாடு பிளவுபட்டுக் கிடந்த காலங்களை இடைக்காலங்கள் என்று அழைக்கிறார்கள். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மனேத்தோ என்ற எகிப்தியப் பூசாரி கிரேக்க மொழியில் எழுதிய வரலாற்றிலிருந்து வந்த வம்சக் கணக்கும் இதனோடு சேர்ந்து வழங்குகிறது. பதினெட்டாம் வம்சம் என்று ஒரு நாவலின் அட்டையில் இருந்தால், அது புதிய இராச்சியத்தின் தொடக்கம் என்று புரிந்துகொள்ளலாம். ஹாட்செப்சுட், அக்கெனாத்தன், நெஃபர்டிட்டி, துட்டன்காமன் என நாம் நன்கறிந்த பெயர்களில் பல அந்த ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை என்பதால் நாவலாசிரியர்கள் அங்கேயே மீண்டும் மீண்டும் செல்கிறார்கள்.

எகிப்தியர்களிடம் தொடர்ந்து எண்ணிவரும் ஆண்டுக்கணக்கு இல்லை. ஒவ்வொரு மன்னனும் அரியணை ஏறும்போது கணக்கு மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கும்; ஆகவே நாவலில் ‘இருபத்தொன்பதாம் ஆண்டு’ என்று வந்தால் யாருடைய இருபத்தொன்பதாம் ஆண்டு என்று பார்க்க வேண்டும். ஓர் ஆண்டில் வெள்ளம், விதைப்பு, அறுவடை என்று மூன்று பருவங்களும் பருவத்துக்கு நான்கு மாதங்களும் இருந்தன. முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டோடு ஐந்து நாட்களைக் கூட்டி 365 என்று கொண்டார்கள். கோடையில் நைல் பெருகி வயல்களை மூடிய அந்த வெள்ளத்தை, அஸ்வான் பேரணை 1970-இல் முடிவடைந்த பிறகு எகிப்தில் யாரும் காண்பதில்லை. ஆனால் பண்டைக் கதையில் உழவு, வரி, திருவிழா, கட்டுமானம் எல்லாம் அதைச் சுற்றியே அமையும். மேல் எகிப்து என்பது தெற்கு, கீழ் எகிப்து என்பது வடக்கு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. வடக்கே செல்லும் படகு நீரோட்டத்தோடு செல்லும். தெற்கே செல்லும் படகு வடகாற்றில் பாய் விரித்துச் செல்லும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். எகிப்திய எழுத்துமுறை உயிரொலிகளைக் குறிக்கவில்லை. ஆகவே ஒரே கடவுள் ஒரு நூலில் அமுன் என்றும் மற்றொன்றில் அமோன் என்றும் வருவார். மன்னர்கள் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. நான்காம் அமென்ஹோத்தெப் அக்கெனாத்தன் ஆனான்; துட்டன்காத்தன் துட்டன்காமன் ஆனான். நாவலின் தொடக்கத்தில் பாத்திரப் பட்டியல் இருந்தால் அதைப் புரட்டித் தள்ளாமல் ஒருமுறை படித்துவிடுவது பின்னால் வரும் குழப்பத்தைத் தவிர்க்கும்.

ஆசிரியர் தம் காலத்தை அறிந்து எழுதியிருக்கிறாரா என்று பார்க்கச் சில பொருள்களே போதும். குதிரையும் தேரும் மத்திய இராச்சியத்துக்குப் பிந்தைய இடைக்காலத்தில்தான் எகிப்துக்கு வந்தன. கூஃபுவின் படைவீரன் தேரேறி வந்தால் ஆசிரியர் ஆயிரம் ஆண்டுகளைக் கலந்துவிட்டார் என்று பொருள். ஒட்டகம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது கி.மு. முதல் ஆயிரமாண்டில்தான், அதற்கு முன் சுமை சுமந்தவை கழுதைகள். எகிப்து தனக்கென நாணயம் அடித்தது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில். அதுவரை பொருள்களின் மதிப்பைத் தானிய மூட்டைகளாலும், டெபன் என்ற நிறை அளவிலான செம்பாலும் கணக்கிட்டார்கள். புதிய இராச்சியத்தில் ஒரு டெபன் சுமார் 91 கிராம். ஒரு பாத்திரம் பொற்காசுப் பையை வீசியெறியும் காட்சி எவ்வளவு விறுவிறுப்பாக இருந்தாலும் ராம்செஸ்களின் காலத்துக்குப் பொருந்தாது.

இவை எளிதில் காணக்கூடிய பிழைகள். இவற்றைவிட முக்கியமானது, நாவல் எந்த வகைச் சான்றின் மீது நிற்கிறது என்பதாகும். மன்னர்கள் கோயில் சுவர்களில் செதுக்குவித்தவை ஒரு வகை. கி.மு. 1274-இல், இன்றைய சிரியாவில் உள்ள காதேஷில், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளின் மன்னன் முவாத்தாலியை எதிர்த்த போரில், தன் படை சிதறிய பின்பும் தனியொருவனாக நின்று பகைவரை வீழ்த்தியதாக இரண்டாம் ராம்செஸ் கர்னாக், லக்சோர், அபு சிம்பல் முதலிய கோயில்களில் பொறிக்கச் செய்தான். போருக்குப் பின்னும் காதேஷ் ஹிட்டைட்டுகளின் பக்கமே இருந்தது. சுமார் பதினைந்து ஆண்டுகள் கழித்து இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. அந்த உடன்படிக்கையின் எகிப்தியப் படி கர்னாக் சுவரிலும், ஹிட்டைட் படி அவர்களின் தலைநகரான ஹத்துசாவில் களிமண் பலகைகளிலும் கிடைத்திருக்கின்றன. மன்னன் தன்னைப் பற்றிக் கடவுள்களுக்கும் குடிகளுக்கும் சொல்ல விரும்பியதே சுவர்களில் இருக்கிறது. அதை அப்படியே நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளும் நாவல் மன்னனின் குரலையே திருப்பிச் சொல்கிறது. அந்தப் பெருமிதத்துக்குப் பின்னால் நின்ற படைவீரனைத் தேடும் நாவல் வேறொரு வேலையைச் செய்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மற்றொரு வகைச் சான்று. இன்றைய லக்சோர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-மதீனா என்ற சிற்றூர் இருந்தது. மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து ஓவியம் தீட்டிய தொழிலாளர்கள் புதிய இராச்சியக் காலத்தில் தலைமுறை தலைமுறையாக அங்கே குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பலர் இருந்ததால், ஓட்டாஞ்சில்லுகளிலும் சுண்ணாம்புக்கல் துண்டுகளிலும் எழுதி எறிந்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்துள்ளன. 1922 முதல் 1951 வரை பெர்னார் புருயேர் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் நடத்திய அகழாய்வு இந்த ஊரை நமக்கு மீட்டுத் தந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கல்துண்டு இரண்டாம் ராம்செஸின் நாற்பதாம் ஆண்டின் வருகைப் பதிவேடு. யார் எந்த நாள் வேலைக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்று அதில் வரிசையாக எழுதப்பட்டுள்ளது. ஒருவனுக்குக் கண்நோய், ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தான், ஒருவன் இறந்துபோன தன் தாயின் உடலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தான். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மனிதனின் துக்கநாள், மேற்பார்வையாளரின் பதிவில் ஒரு விடுப்புக் காரணமாக நிலைத்திருப்பதைப் படிக்கும்போது, நாவலாசிரியர்கள் ஏன் இந்த ஊரை விட்டு நகர மறுக்கிறார்கள் என்று புரிகிறது.

இதே ஊரில்தான், நமக்குப் பதிவு கிடைத்துள்ளவற்றில் உலகின் முதல் வேலைநிறுத்தமாகக் கருதப்படுவது நடந்தது. சாதாரணத் தொழிலாளி ஒருவனுக்கு மாதந்தோறும் நான்கு மூட்டை எம்மர் கோதுமையும் ஒன்றரை மூட்டை பார்லியும் கூலி. ரொட்டியும் பீரும் அதிலிருந்துதான். மூன்றாம் ராம்செஸின் இருபத்தொன்பதாம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 1157-இல், கூலித் தானியம் வராமல் நாட்கள் கடந்தபோது, தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் காவல் சுவர்களைத் தாண்டிச் சென்று கோயில் ஒன்றின் பின்புறத்தில் அமர்ந்துகொண்டார்கள். பசியும் தாகமும் தங்களை இங்கே கொண்டுவந்தன என்றும், உடையில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்றும், இதை மன்னனுக்கும் தலைமை அமைச்சருக்கும் எழுத வேண்டும் என்றும் அவர்கள் கேட்டதை எழுத்தர் ஒருவர் நாணலால் செய்த தாளான பாப்பிரஸில் பதிந்துவைத்தார். அந்தப் பாப்பிரஸ் இப்போது இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறை கட்டுபவர்களுக்கே கூலி கொடுக்க இயலாத அரசு எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதை எந்தக் கோயில் சுவரும் சொல்லவில்லை.

அடுத்த தலைமுறையில் நவுநக்தே என்ற மூதாட்டி, ஐந்தாம் ராம்செஸின் மூன்றாம் ஆண்டில், ஊர் மன்றத்தின் முன் நின்று தன் சொத்து குறித்து அறிவிப்புச் செய்தார். தான் ஒரு சுதந்திரமான பெண் என்றும், எட்டுப் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதாகவும், முதுமையில் தனக்குக் கைகொடுத்தவர்களுக்கே தன் சொத்தில் பங்கு என்றும், கைவிட்டவர்களுக்கு இல்லை என்றும் அவர் சொன்னது எழுதப்பட்டு நமக்கு வந்துள்ளது. பண்டைய எகிப்தில் பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் அதைத் தன் விருப்பப்படி கொடுக்கவும் முடிந்தது. இதை அறியாமல், எகிப்தியப் பெண் பாத்திரம் ஒன்று வழக்குமன்றத்தில் துணிந்து பேசும்போது இது இன்றைய சிந்தனையைப் பழங்காலத்தின் மேல் ஏற்றுவது என்று குறை சொல்லும் வாசகர், ஆசிரியருக்கு அநீதி செய்துவிடக்கூடும்.

சான்றுக்கும் கற்பனைக்கும் இடையிலான எல்லையைக் காண்பதற்கு, வேலைநிறுத்தம் கண்ட அதே மூன்றாம் ராம்செஸின் முடிவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அவனுடைய அரசியரில் ஒருத்தியான தியே, தன் மகன் பெந்தவேரேயை அரியணையில் அமர்த்த அந்தப்புரத்தில் சதி செய்தாள் என்பதும், அதில் அரண்மனை அலுவலர் பலர் சேர்ந்தனர் என்பதும் டூரினில் உள்ள மற்றொரு பாப்பிரஸிலிருந்து தெரிகிறது. அது விசாரணையின் பதிவு. குற்றவாளிகள் சிலரின் பெயர்கள் அதில் சாபமாகத் திரித்து எழுதப்பட்டுள்ளன. விசாரிக்க நியமிக்கப்பட்டவர்களிலேயே சிலர் குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு குடித்துக் களித்ததற்காக மூக்கும் காதும் அறுக்கப்பட்டார்கள். பெந்தவேரே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள விடப்பட்டான். இவ்வளவு விவரம் தரும் அந்த ஆவணம், மன்னன் கொல்லப்பட்டானா என்பதை மட்டும் சொல்வதில்லை. 2012-இல் வெளியான ஆய்வில், மன்னனின் மம்மியை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது, கட்டுகளுக்கு அடியில் தொண்டை ஆழமாக அறுபட்டிருப்பது தெரிந்தது. ஆட்டுத்தோலில் சுற்றப்பட்டிருந்த, பெயர் தெரியாத ஓர் இளைஞனின் உடல் மன்னனின் மகனாக இருக்கலாம் என்று மரபணுச் சோதனை காட்டியதால், அது பெந்தவேரேயாக இருக்கக்கூடும் என்றும் கருதுகிறார்கள். தியேயின் முடிவு எங்கும் எழுதப்படவில்லை.

இப்போது இந்தச் சதியைக் கதையாக்கும் ஒரு நாவலைக் கற்பனை செய்து பாருங்கள். அரசியின் பெயர், மகனின் பெயர், விசாரணை, தண்டனை ஆகியவை ஆசிரியருக்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்டன. தியே ஏன் துணிந்தாள், கத்தியைப் பிடித்தது யார், அந்த இரவில் காவலர்கள் எங்கே இருந்தார்கள் என்பவற்றை அவர்தான் உருவாக்க வேண்டும். 2012-க்கு முன் எழுதப்பட்டிருந்தால் மன்னன் பிழைத்ததாக முடித்திருந்தாலும் அதைப் பிழை என்று சொல்ல இயலாது. ஆகவே நாவல் எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதும் வாசகர் பார்க்க வேண்டிய செய்தியாகிறது. கசையடி படும் அடிமைக் கூட்டங்கள் பிரமிடு கட்டும் காட்சி பழைய நாவல்களிலும் திரைப்படங்களிலும் வேரூன்றியது. ஆனால் கீசாவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட தொழிலாளர் குடியிருப்பும், பிரமிடுகளின் அருகிலேயே மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்ட அவர்களின் கல்லறைகளும் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. 2013-இல் செங்கடற்கரையில் வாதி அல்-ஜர்ஃப் என்னுமிடத்தில் கிடைத்த பாப்பிரஸ்களில், கூஃபுவின் கடைசி ஆண்டுகளில் தூரா சுரங்கத்திலிருந்து கீசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் சென்ற மெரெர் என்ற அலுவலரின் நாட்குறிப்பே இருக்கிறது. இனி பிரமிடைப் பற்றி எழுதும் நாவலாசிரியர் மெரெரைத் தவிர்க்க முடியாது.

நாவல் பிறந்த காலத்தின் கவலைகளும் அதற்குள் வந்துவிடும். 1988-இல் நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூஸ் 1939 முதல் 1944 வரை வெளியிட்ட தம் முதல் மூன்று நாவல்களையும் பண்டைய எகிப்தில் அமைத்தார். அவற்றில் மூன்றாவது, வடக்கே அவாரிஸ் நகரிலிருந்து ஆண்ட ஹிக்சோஸ் என்ற அயலவரை, தெற்கே தீப்ஸ் நகரின் (இன்றைய லக்சோர்) அரசர்கள் விரட்டியதைச் சொல்கிறது. பிரிட்டிஷ் படை எகிப்தில் நிலைகொண்டிருந்த அந்நாளில் அதை வெறும் பழங்கதையாக யாரும் படித்திருக்க முடியாது. தீப்ஸின் நீர்நிலையில் உள்ள நீர்யானைகளின் சத்தத்தால் வடக்கே தனக்குத் தூக்கம் வரவில்லை என்று ஹிக்சோஸ் மன்னன் அனுப்பும் விசித்திரமான புகாரில் அந்த நாவல் தொடங்குகிறது. இது மஹ்ஃபூஸின் கற்பனை அல்ல. நிகழ்ச்சிக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எகிப்தியர்களே பாப்பிரஸில் எழுதிவைத்த கதை. அதன் முடிவுப் பகுதி தொலைந்துவிட்டது. கதையில் வரும் தீப்ஸின் மன்னன் செக்கெனென்ரேயின் மம்மியோ மண்டையில் பல ஆயுதக் காயங்களோடு கிடைத்திருக்கிறது. அதே நேரத்தில், அவாரிஸில் நடந்த அகழாய்வுகள், ஹிக்சோஸ்கள் ஒரே நாளில் படையெடுத்து வந்தவர்கள் என்பதைவிட, அவர்களின் முன்னோர் தலைமுறைகளாக அங்கே குடியேறி வாழ்ந்தவர்கள் என்பதையே காட்டுகின்றன. ஒரே நாவலுக்குள் பழங்கதை, மம்மி, விடுதலை வேட்கை ஆகிய மூன்றும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பிரித்துப் பார்த்து வாசிப்பது எனக்கு மிகுந்த நிறைவு தந்த அனுபவம்.

ஃபின்லாந்து எழுத்தாளர் மிகா வால்தாரி 1945-இல் வெளியிட்ட, உலகெங்கும் படிக்கப்பட்ட நாவலின் நாயகன் பெயர் சினுஹே. அப்பெயர் மத்திய இராச்சியத்தின் புகழ்பெற்ற கதையொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. நாவல் நடப்பதோ அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய அக்கெனாத்தனின் காலத்தில். அகதா கிறிஸ்டியும் 1940-களில் பண்டைய தீப்ஸில் நிகழும் ஒரு கொலைக்கதை எழுதினார். வெளியூர் சென்றிருந்த ஹெக்கநக்த் என்பவர் தம் வீட்டாருக்கு எழுதிய கடிதங்களே அதற்குத் தூண்டுதல். யாருக்கு எவ்வளவு தானியம் என்ற கணக்கும், தம் புதிய மனைவியை வீட்டார் நடத்தும் விதம் குறித்த கோபமும் அக்கடிதங்களில் கலந்திருக்கின்றன. கொலை மட்டும் ஆசிரியர் சேர்த்தது.

காரணங்களை ஊகிப்பதில்தான் நாவல்கள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. ஹாட்செப்சுட் அரசியின் உருவங்களும் பெயர்களும் சுவர்களிலிருந்து செதுக்கி அகற்றப்பட்டது உண்மை. அதைச் செய்வித்தவன் அவளோடு ஆட்சியைப் பகிர்ந்த மூன்றாம் துட்மோஸ் என்பதும் ஏற்கப்பட்டது. வெறுப்பில் கொதித்த மகன் மாற்றாந்தாயைப் பழிவாங்கினான் என்று எழுதுவது எளிது. ஆனால் அந்த அழிப்பு அவள் இறந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின்தான் தொடங்கியது. இருபது ஆண்டுகள் காத்திருக்கும் கோபத்தை நம்பவைக்க ஆசிரியர் மிகவும் உழைக்க வேண்டும். அவ்வாறே, இரண்டாம் ராம்செஸின் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகு விளைந்தது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில். நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி இது என்றாலும், அந்த மிளகு எத்தனை கைகள் மாறி எகிப்தை அடைந்தது என்பதற்குப் பதிவில்லை. அதைக் கொண்டு ராம்செஸின் அவையில் ஒரு தென்னிந்திய வணிகனை நிறுத்தும் நாவலில், மிளகு சான்று, வணிகன் கற்பனை.

தொடங்குபவர் ஒரு நாவலை முதலில் தடையின்றிக் கதையாகவே படித்து முடிப்பது நல்லது. நல்ல ஆசிரியர்கள் பலர் இறுதியில் ஒரு குறிப்பு எழுதி, எந்தப் பாத்திரம் ஆவணங்களில் உள்ளது, எதைத் தாம் படைத்தோம், எந்த ஆண்டுகளைச் சுருக்கினோம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதை முதலில் படித்தால் கதையின் முடிவு தெரிந்துவிடும். கடைசியில் படித்தால், நாம் உண்மை என்று நம்பியது கற்பனையாகவும், கற்பனை என்று ஒதுக்கியது ஆவணமாகவும் மாறுவதைக் காணலாம். அதன் பிறகு அந்தக் காலத்தின் மூல ஆவணம் ஒன்றையாவது மொழிபெயர்ப்பில் படிக்க வேண்டும். மத்திய இராச்சியத்தில் நடக்கும் நாவலுக்கு சினுஹேயின் கதையும், ராம்செஸ்களின் காலத்து நாவலுக்கு நவுநக்தேயின் அறிவிப்பும் பொருத்தமான தொடக்கங்கள். இரண்டையும் ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.